அரசியின் சிலம்பும் வணிகமகளின் கழுத்துருவும்: அணிகலக் கண்காட்சிச் சுவரொட்டிகளின் சொல்லாட்சி குறித்து ஒரு கருத்துரை

ஆய்வுச்சுருக்கம்

அருங்காட்சியகங்கள் நடத்தும் அணிகலக் கண்காட்சிகளின் சுவரொட்டிகளும் தலைப்புகளும் பழைய நகைகளை ‘அரச நகை’, ‘பொக்கிஷம்’ என்னும் இரு சொற்களுக்குள் அடக்கிவிடுகின்றன. செட்டிநாட்டு நகரத்தார் மகளிர் அணியும் கழுத்துரு போன்ற அணிகலன்கள் இச்சொல்லாட்சியால் தம் பெயரையும் உரியவரையும் இழக்கின்றன. சிலப்பதிகாரமும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளும் காட்டும் பெயரிடல் மரபைத் துணையாகக் கொண்டு இப்போக்கினை இக்கருத்துரை மதிப்பிடுகிறது. தமிழாய்வு மேற்கொள்ளத்தக்க பணிகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: சுவரொட்டி, அணிகலன், கழுத்துரு, செட்டிநாடு, அருங்காட்சியகம், சொற்களஞ்சியம்.

முன்னுரை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், எனாமல் பாத்திரங்கள், இரவிவர்மா அச்சோவியங்கள் ஆகியன அங்கு விலைக்கு வைக்கப்பட்டுள்ளன. ஒருகாலத்தில் ஒரு வீட்டில் ஒருவர் கையாண்ட பொருள், கடைக்கு வந்தபின் ‘பழம்பொருள்’ என்னும் பொதுப்பெயரைப் பெறுகிறது. எந்த வீடு, யாருடைய சீர், எந்த அறை என்னும் செய்திகள் வண்டியில் ஏற்றும்போதே உதிர்ந்துவிடுகின்றன. இதே நிகழ்வு அருங்காட்சியகத்திலும் நடைபெறுகிறது. அங்கு அதனைச் செய்து முடிக்கும் கருவிகளுள் முதன்மையானது சுவரொட்டி.

சுவரொட்டி சில கிழமைகளே வாழும் அச்சுப்பொருள். கண்காட்சி முடிந்ததும் கிழிக்கப்பட வேண்டியது. ஆயினும் கண்காட்சிக்கு வராதவர் பலரும் காண்பது சுவரொட்டியையே. நகைகள் பெட்டகத்திற்குத் திரும்பியபின் பொதுநினைவில் எஞ்சுவதும் அச்சுவரொட்டியில் இருந்த படமும் சொல்லுமே. ஆதலின் அதன் சொல்லாட்சியை ஒரு பனுவலாகக் கொண்டு படிப்பது தமிழாய்வுக்குப் புறம்பான செயலன்று.

தலைப்புகளில் ஆளும் சொற்கள்

இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1972 மார்ச்சில் தொடங்கிய துத்தங்காமுன் கண்காட்சி, அருங்காட்சியகச் சுவரொட்டியின் வரலாற்றில் ஒரு திருப்பம். மன்னனின் பொன் முகமூடி அதன் அடையாளமாயிற்று. பதினாறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டனர். ‘துத்தங்காமுனின் பொக்கிஷங்கள்’ என்பதே அதன் தலைப்பு. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2014இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அல்தானி தொகுப்பிலிருந்த இந்திய நகைகளைக் காட்சிப்படுத்தியபோது ‘இந்தியாவின் பொக்கிஷங்கள்’ என்று தலைப்பிட்டது. அதே தொகுப்பு 2015இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திற்குச் சென்றபோதும் தலைப்பில் ‘பொக்கிஷங்கள்’ என்னும் சொல்லே இடம்பெற்றது.

பொக்கிஷம் என்பது பூட்டி வைக்கப்பட்ட செல்வத்தைக் குறிக்கும் சொல். அணியப்பட்ட பொருளை அது குறிப்பதில்லை. ஒரு நகையைப் பொக்கிஷம் என்று சொன்னவுடன் அதன் விலையும் அரண்மனையும் மனத்தில் எழுகின்றன. அதனை அணிந்த கழுத்தும் செய்த கையும் எழுவதில்லை.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய சான்று ஐதராபாத் நிஜாமின் நகைகள். கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1951இல் அறக்கட்டளை ஏற்படுத்தி அதன்வசம் ஒப்படைத்த நகைகளை, நெடிய வழக்குகளுக்குப் பின் 1995இல் இந்திய அரசு சுமார் 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஏறத்தாழ 185 காரட் எடையுள்ள ஜேக்கப் வைரம் உட்பட 173 உருப்படிகள் அதில் அடங்கும். 2001இல் அவை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 2019இல் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் மீண்டும் வைக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டுக் கண்காட்சியின் தலைப்பு ‘இந்தியாவின் நகைகள்: நிஜாமின் அணிகலத் தொகுப்பு’ என்பதாகும். ஓர் அரச குடும்பத்தின் உடைமை, தலைப்பின் முற்பகுதியில் நாட்டின் நகையாகவே ஆகிவிடுகிறது. மக்கள் வரிப்பணத்தால் மீட்கப்பட்டதாதலின் நாட்டின் உடைமை என்பது சட்டப்படி சரியே. ஆனால் ‘இந்தியாவின் நகைகள்’ என்னும் தொடர் வேறொரு பொருளையும் தருகிறது. இந்நாட்டு நகை என்றால் அரசர் நகை என்னும் பொருள் அது. அரசரல்லாதார் அணிந்தவை அத்தொடருக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

சிலம்பு உணர்த்தும் வழக்கு

அரசரல்லாதார் நகையை அரசருடையதென்று கொள்வதால் விளையும் கேட்டினைத் தமிழ் ஒரு காப்பியமாகவே வைத்திருக்கிறது. கோவலன் விற்கக் கொண்டுவந்த சிலம்பின் வேலைப்பாட்டைக் கண்ட பொற்கொல்லன், இது கோப்பெருந்தேவிக்கு அன்றிப் பிறர்க்குப் பொருந்தாது என்ற கருத்துப்படப் பேசுகிறான். அவன் உள்ளத்தில் கள்ளம் இருந்தது உண்மை. ஆனால் அவன் சொல் எடுபட்டதற்குக் காரணம், சிறந்த நகை அரண்மனைக்கே உரியது என்னும் பொதுக்கருத்து முன்னரே நிலவியமையாகும். வணிகன் மனைவிக்கும் அத்தகைய சிலம்பு இருக்கக்கூடும் என்று மதுரையில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. புகார் நகரின் பெருவணிகர் இருவரின் மக்களே கோவலனும் கண்ணகியும் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

வழக்கு தீர்ந்தது எவ்வாறு? கண்ணகி சிலம்பின் புறத்தோற்றத்தைப் பற்றி வாதிடவில்லை. உள்ளீட்டைக் கூறினாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. ஓர் அணிகலனை அறிவது என்பது அதன் உட்பொருளையும் உரியவரையும் அறிவதே என்னும் ஆய்வுநெறியை இக்காட்சி தருகிறது. ‘அரச நகை’ என்று எழுதி ஒட்டும் சுவரொட்டி, அறிந்தோ அறியாமலோ, பொற்கொல்லனின் கூற்றையே மீண்டும் சொல்கிறது.

கழுத்துரு: பெயரும் பொருளும்

செட்டிநாட்டில் இவ்வழக்கிற்கு உரிய நகை கழுத்துரு. நகரத்தார் திருமணத்தில் மணமகளுக்கு அணிவிக்கப்படும் இப்பொன்னணி, கழுத்திரு என்றும் எழுதப்படும். உரு என்பது கோக்கப்படும் தனி உறுப்பினைச் சுட்டும். அவ்வகையில் கழுத்துரு என்பது பொருந்தும். திரு என்பது மங்கலத்தைச் சுட்டும். அணிவிக்கும் சடங்கு ‘திருப்பூட்டுதல்’ என வழங்கப்படுவதால் கழுத்திரு என்பதும் பொருந்தும். ஒரு பெயரின் இரு வடிவங்களும் பொருளுடையனவாக நிற்பது சொல்லாய்வுக்கு அரிய வாய்ப்பு.

கழுத்துரு ஒற்றை நகையன்று. பல உறுப்புகளின் கோவை. திருமாங்கல்யம், ஏத்தனம், உரு, சரிமணி, கடைமணி, குச்சி, தும்பு என ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பெயர் உண்டு. அன்றாடம் அணியும் தாலியினின்று இது வேறானது. திருமண நாளில் அணியப்பட்டு, கழற்றிப் பேணப்பட்டு, கணவரின் அறுபதாம் ஆண்டு நிறைவு விழாவில் மீண்டும் அணியப்படுவது. அதாவது ஒரு பெண்ணின் வாழ்நாளில் அது வெளிப்படும் நாள்கள் மிகச் சிலவே. இடைப்பட்ட காலம் முழுவதும் அது அவளுடைய உடைமையாகவும் குடும்பத்தின் காப்பாகவும் பெட்டிக்குள் இருக்கும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த செட்டியார் திருமண அணி ஒன்று உள்ளது. ‘திருமண நகை (தாலி)’ என அது பட்டியலிடப்பட்டுள்ளது. சமூகப் பெயரும் மாநிலப் பெயரும் தந்தமை பாராட்டத்தக்கது. எனினும் தாலி என்னும் பொதுப்பெயர், அன்றாட அணிக்கும் சடங்கு அணிக்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. பொதுப்பெயரே இவ்வளவு மறைக்குமாயின், அப்பொருளைச் சுவரொட்டியில் ஏற்றி ‘அரச’ என்னும் அடைமொழியையும் சேர்த்தால் எஞ்சுவது என்ன என்பது எண்ணத்தக்கது.

‘அரசர்’ என்னும் அடைமொழியின் வரலாறு

செட்டிநாட்டில் ‘ராஜா’ என்னும் பட்டம் வழங்கியது உண்மையே. அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929இல் ஆங்கில அரசு ‘செட்டிநாட்டு ராஜா’ என்னும் பட்டத்தை அளித்தது. கானாடுகாத்தானில் உள்ள அவர் மாளிகை இன்று அரண்மனை எனப்படுகிறது. ஆனால் அப்பட்டம் ஆட்சிநிலத்தால் வந்ததன்று. வணிகத்தாலும் கொடையாலும் வந்தது. இவ்வட்டாரத்தின் ஆட்சி சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகியவற்றின் அரச மரபினரிடம் இருந்தது. பெரிய வீட்டையெல்லாம் அரண்மனை என்றும், நல்ல நகையையெல்லாம் அரச நகை என்றும் சொல்லும் சுற்றுலா மொழி இவ்விரு வரலாறுகளையும் ஒருசேரக் குழப்புகிறது. வேலு நாச்சியாரின் சிவகங்கை வரலாறும், பர்மாவில் வட்டித்தொழில் செய்தோரின் வரலாறும் ஒன்றல்ல.

செட்டிநாட்டுப் பொன் கப்பமாகவோ போர்க்கொள்ளையாகவோ வந்ததன்று. இலங்கை, பர்மா, மலேயா ஆகிய நாடுகளில் கடைவைத்து ஈட்டிய வருவாயின் ஒரு பகுதி அது. அவ்வருவாய்க்கும் கசப்பான மறுபுறம் உண்டு. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கீழ்ப்பர்மாவின் உழவர் நிலங்களில் கணிசமான பகுதி கடனுக்கு ஈடாக வட்டிக்கடையினர் கைக்கு மாறியது. 1942இல் சப்பானியப் படையெடுப்பின்போது அந்நிலமும் கைவிட்டுப் போயிற்று. ஊர் திரும்பிய குடும்பங்களில் எஞ்சிய செல்வம் வீடும் நகையுமே. அவற்றுள் முதலில் உருகியது நகை. ஒரு கழுத்துரு விற்கப்பட்டதா, உருக்கப்பட்டதா, மகளுக்குச் சென்றதா என்பது அக்குடும்பத்தின் பொருளியல் வரலாறாகும். ‘பொக்கிஷம்’ என்னும் சொல் இவ்வரலாற்றின் இருபுறத்தையும், பர்மிய உழவரின் இழப்பையும் செட்டிநாட்டுப் பெண்ணின் இழப்பையும், ஒருங்கே மூடிவிடுகிறது.

கல்வெட்டு காட்டும் முறை

அரச நகையையே விரித்துரைப்பதாயினும் அதற்கும் தமிழில் முன்மாதிரி உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அரசியரும் அளித்த அணிகலன்களை அக்கோயிற் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாகக் குறிக்கின்றன. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும் மணிகளைத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்தனர். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுண்ணளவு வரை எடை தரப்பட்டது. எதனை நீக்கி எதனைச் சேர்த்து எடைகண்டனர் என்பதும் சொல்லப்பட்டது. முத்துகளுக்கு மட்டும் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து எனப் பெயர்கள் அடுக்கப்பட்டன. குளிர்ந்த நீர், சிவந்த நீர் என ஒளிவகையும் பிரிக்கப்பட்டது. குறையுள்ள முத்தைக் குறையுள்ளது என்றே எழுதினர்.

பேரரசன் ஒருவன் தன் கொடையைப் பொதுவிடத்தில் அறிவிக்கும் கல்வெட்டும் ஒருவகையில் விளம்பரமே. ஆயினும் அது ‘விலைமதிப்பற்ற பொக்கிஷம்’ என்று கூறி அமையவில்லை; பெயர், எடை, எண்ணிக்கை, அளித்தவர் ஆகியவற்றைக் கூறியது. பெண் கொடையாளரின் பெயரையும் விடவில்லை. செட்டிநாட்டுக் குடும்பங்களும் இவ்வகை எழுத்துமரபு உடையவையே. திருமணத்தில் எழுதப்படும் இசைபிடிமானம், சீர்ப்பட்டியல், ஆண்டு ஐந்தொகை எனக் கணக்கெழுதுதலைக் கடமையாகக் கொண்ட சமூகம் அது. அத்தகைய சமூகத்தின் நகை பெயரின்றிக் கண்ணாடிப் பேழைக்குள் கிடப்பது முரணாகும்.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, சுவரொட்டி விளம்பரம் மட்டுமே. அதனிடம் ஆய்வுநுட்பத்தை எதிர்பார்த்தல் மிகை என்பது. சுவரொட்டியில் இடம் குறைவு என்பது உண்மை. ஆனால் ‘அரச நகை’ என்று எழுதும் இடத்தில் ‘கழுத்துரு’ என்று எழுத முடியும். அறியாத சொல் ஆர்வத்தைத் தூண்டும். துத்தங்காமுன் என்னும் பெயரை எளிய வாசகர் நாவிலும் நிலைக்கச் செய்தது சுவரொட்டியே.

இரண்டாவது, சாதி சார்ந்த அணிகலன்களை முன்னிறுத்துவது குலப்பெருமைக்குத் துணைபோகும் என்பது. இது வலுவான மறுப்பு. இதற்கு விடை, ஆய்வின் எல்லையை ஒரு சமூகத்தோடு நிறுத்தாமல் இருத்தலாகும். செட்டிநாட்டில் நகரத்தார் நகையோடு பிற மக்களின் பாம்படமும் தண்டட்டியும் தண்டையும் ஆராயப்பட வேண்டும். அவற்றைச் செய்த பொற்கொல்லரின் தொழிற்சொற்களும் தொகுக்கப்பட வேண்டும். செய்தவர் பெயர் எந்த நகையிலும் இல்லை என்பதே இத்துறையின் பெருங்குறை. சீர்ப்பட்டியல் கொடுத்தவரைச் சொல்கிறது, பெற்றவரைச் சொல்கிறது, உலையூதியவரைச் சொல்வதில்லை.

மூன்றாவது, குடும்பங்கள் பாதுகாப்புக் கருதி நகைகளைக் காட்ட விரும்பா என்பது. நகையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. உறுப்புகளின் பெயர், கோக்கும் வரிசை, அணியும் நாள், கைமாறிய முறை ஆகியவற்றை மூதாட்டியரிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். உடைமையாளரின் பெயரையும் ஊரையும் வெளியிடாமலேயே சொற்களை வெளியிட முடியும்.

செய்யத்தக்கவை

செட்டிநாடு சுவரொட்டிகளைப் போற்றிய ஓர் ஆளுமையையும் தந்துள்ளது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக அறிவிப்புகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். பிறர் கழித்த தாளையும் ஆவணமாகக் கண்ட பார்வை அவருடையது. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அப்பார்வையைக் கண்காட்சிச் சுவரொட்டிகளுக்கும் நீட்டிக்கலாம். தமிழக அருங்காட்சியகங்கள் இதுவரை வெளியிட்ட சுவரொட்டிகளும் பார்வையாளர் கையேடுகளும் திரட்டப்பட்டால், நம் பொருள்களுக்கு நாம் இட்ட பெயர்களின் வரலாறு கிடைக்கும்.

அடுத்ததாக, செட்டிநாட்டு அணிகலச் சொற்களஞ்சியம் ஒன்று வேண்டும். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவியின் அணிகளும், ஊர்காண் காதையில் மணிகளின் குணமும் குற்றமும் நிரல்படக் கூறப்படுகின்றன. அவற்றையும் தஞ்சைக் கல்வெட்டுச் சொற்களையும் இன்றைய வழக்குச் சொற்களையும் ஒருங்குவைத்து நோக்கும் களஞ்சியம், இலக்கியத்திற்கும் வழக்கிற்கும் இடையே பாலமாகும். முதுகலை மாணவர் பருவத்திற்கு ஒரு சிற்றூர் என எடுத்துக்கொண்டாலும் சில ஆண்டுகளில் இப்பணி நிறைவுறும். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் ‘தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள்’ என்னும் பெயரில் செட்டிநாடு இடம்பெற்றுள்ளது. அப்பெயர் அரண்மனை என்னும் சொல்லைத் தவிர்த்து வணிகர் என்னும் சொல்லை ஏற்றிருப்பது கருதத்தக்கது. கட்டடத்திற்குச் செய்யப்பட்ட இந்நேர்மை அணிகலனுக்கும் செய்யப்படலாம்.

இறுதியாக, அருங்காட்சியகக் குறிப்பட்டையில் ஐந்து செய்திகள் இடம்பெறல் வேண்டும்: வழங்கும் தமிழ்ப்பெயர், அணிந்தவர் இன்னார் வகையினர் என்பது, அணிந்த நாள், செய்யப்பட்ட ஊர், அருங்காட்சியகத்திற்கு வந்த வழி. ஐந்தில் ஒன்று தெரியாவிடின் அதனையும் எழுத வேண்டும். தெரியாததை ‘அரச’ என்னும் அடைமொழியால் நிரப்பலாகாது.

முடிவுரை

நிஜாமின் வைரமும் துத்தங்காமுனின் பொன்முகமும் காணத்தக்கவையே. அரச நகைகளைக் காட்சிப்படுத்துவதில் குற்றமில்லை. அரசருடையவற்றை அரசருடையவை என்று சொல்வதிலும் குற்றமில்லை. பிறருடையவற்றின்மீதும் அப்பெயரை ஒட்டுவதே குற்றம். கழுத்துருவின் உறுப்புகளை வரிசை பிறழாமல் பெயர் சொல்லிக் கோக்கத் தெரிந்த மூதாட்டியர் செட்டிநாட்டு ஊர்களில் இன்றும் உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதிய ஒரு சொற்பட்டியல் கையில் இருக்குமாயின், நாளை அச்சாகும் சுவரொட்டியில் ‘கழுத்துரு’ என்னும் சொல்லை ஏற்றுமாறு அருங்காட்சியகத்தாரிடம் சான்றோடு கேட்க முடியும். கேட்கும் கடமை தமிழ்த்துறைகளுக்கு உண்டு.